போகாத பாசி: டர்பனில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு

தொட்டி வைத்து மூன்று நான்கு மாதம் ஆகும்போது பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தலைவலி வருகிறது. பாறையெல்லாம் பச்சை முடி, மணலில் சிவப்புப் படலம், துடைத்த மறுநாளே கண்ணாடியில் பழுப்பு. கடையில் கேட்டால் ஒரு புட்டியை நீட்டுவார்கள். ஊற்றினால் பத்து நாள் குறையும், அப்புறம் பழையபடி வந்து நிற்கும். பாசியைக் கொல்வது பெரிய வேலை இல்லை. செத்த பாசி அதே நீரில் அழுகி, தான் தின்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுத்த பாசி அதைத் தின்று வளர்கிறது. அதனால் கீழே சொல்லும் எல்லாமே ஒரு கணக்கைச் சுற்றித்தான் போகும்: பாசி தின்னும் சத்து (முக்கியமாக நைட்ரேட், பாஸ்பேட்) தொட்டிக்குள் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது.

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கத்திய வெயில், கரண்ட் வெட்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடல் எல்லாம் தொட்டியைப் பாதிக்கின்றன. அமெரிக்கக் காணொளிகளில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1. எந்தப் பாசி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பி, "அண்ணா, இந்தப் பாசிக்கு என்ன மருந்து?" என்று கேட்டார். படத்தில் இருந்தது பாசியே இல்லை, பாக்டீரியா. இப்படித்தான் பாதிப் பேர் தவறான எதிரியோடு சண்டை போடுகிறார்கள்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பு மாவு தூவியதுபோல் படிவது டயாட்டம். நீரில் உள்ள சிலிக்கேட்டை வைத்து வளரும். விரலால் தொட்டாலே கலைந்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும். ஒரு வருடமான தொட்டியில் இது திரும்ப வந்தால் மட்டும் நீங்கள் ஊற்றும் நீரைச் சந்தேகியுங்கள்.

பாறையைப் பிடித்துக்கொண்டு நீளமாக அலையும் பச்சை முடி நமக்கு முக்கியமான ஆள். அதையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒவ்வோர் இழையும் சின்னப் பறவை இறகுபோல இருபுறமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். நத்தைகளும் மீன்களும் அதை அவ்வளவாகத் தொடாது. இறகு வடிவம் இல்லாத சாதாரண முடிப்பாசி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

பச்சைக் கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருப்பது வலோனியா. கொஞ்சமாக இருக்கும்போதே முழுசாகப் பெயர்த்து எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் வைத்து உடைக்காமல் இருப்பது நல்லது.

சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ போர்வைபோல் மூடி, பிய்த்தால் தோலாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. மூக்கருகே கொண்டுபோனால் நாற்றமே காட்டிக்கொடுக்கும். நீரோட்டம் படாத மூலைகளில் முதலில் தோன்றும்.

பழுப்பு நிறத்தில் சளிபோல் இழைந்து, நுனியில் காற்றுக் குமிழி கட்டிக்கொண்டு, விளக்கு அணைந்ததும் பாதி காணாமல்போய் மறுநாள் மதியம் திரும்ப வருகிறதா? டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம், சுருக்கமாக டைனோ. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அந்தச் சளியைக் கொஞ்சம் தொட்டி நீரோடு சின்னப் புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். சமையலறை டிஷ்யூ வழியாக வடிகட்டி, வடிந்த தெளிந்த நீரை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழை இழையாகக் கூடினால் அதேதான். இதற்கு வைத்தியம் மற்றதற்கெல்லாம் நேரெதிர் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

2. ஊற்றும் நீர்

வீட்டுக் குழாய் நீரில் குளோரின் இருக்கும், அதைக் கண்டிஷனர் ஊற்றி நீக்கிவிடலாம் என்றுதான் நன்னீர் மீன் வளர்த்தவர்கள் நினைப்பார்கள். பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கேட் எதையும் கண்டிஷனர் எடுக்காது. உப்புநீர்த் தொட்டிக்கு ஆர்.ஓ. கருவியும், அதன் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குருணையும் வேண்டும். வெளியே வரும் நீரில், கரைந்திருக்கும் பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். 0 காட்டினாலும் பழைய ரெசின் வழியே முதலில் கசிவது சிலிக்கேட்தான். அதனால் ரெசினின் நிறம் மாறத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள், மீட்டர் ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. தொட்டி நீரை மாற்றும்போது ஆர்.ஓ. நீர் கலந்து உப்புப் போடுவார்கள். ஆனால் தினமும் ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதில் குழாயைத் திறந்து ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரி கோடை வெயிலில் மூடியில்லாத 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் போனால் வருடத்துக்கு 1,095 லிட்டர். ஆவியாவது வெறும் நீர் மட்டும், அதில் கரைந்திருந்தது எல்லாம் உள்ளேயே தங்கும். ஐந்து தொட்டி குழாய்நீரின் அழுக்கு ஒரே தொட்டியில் சேர்ந்துவிடுகிறது. பாசி ஏன் போகவில்லை என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்தக் குவளையைத்தான்.

ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று நான்கு லிட்டரை வீணாக வெளியே தள்ளும். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் ஊரில் இது உறுத்தத்தான் செய்யும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் அங்கே குழாயில் நீர் வராமல் இருந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கழிவுநீர்க் குழாயை ஒரு பீப்பாயில் விட்டுக் கறிவேப்பிலைக்கும் துணி அலசவும் பயன்படுத்துங்கள். நல்ல நீரில் 50 லிட்டராவது மூடிய கேனில் எப்போதும் கையிருப்பு வையுங்கள்.

ஜோஜோ என்ற பிளாஸ்டிக் டேங்கில் பிடித்த மழைநீர் சுத்தம்தானே என்றால், கூரைத் தகரத்தின் துத்தநாகமும் பறவை எச்சமும் அதில் இறங்கியிருக்கும். துத்தநாகம் நத்தைக்கும் இறாலுக்கும் ஆகாது. அதையும் ஆர்.ஓ. வழியே விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடல்நீரை நேராகக் கொண்டுவரும் ஆசையும் எல்லாருக்கும் வரும். எடுக்கலாம், ஆனால் டர்பனில் எங்கே, எப்போது என்பது முக்கியம். மழை பெய்தால் உம்கேனி போன்ற ஆறுகள் பழுப்பு நீரைக் கொண்டுவந்து கரையோரம் முழுதும் பரப்பிவிடும். ப்ளஃப் பக்கம் நகரின் கழிவுநீர்க் குழாய்கள் கடலுக்குள் நீள்கின்றன. 2022 வெள்ளத்துக்குப் பின் கிருமி அளவு அதிகமானதால் நகரக் கடற்கரைகளையே மூட வேண்டியிருந்தது. மழையில்லாத ஒரு வாரத்துக்குப் பின், ஆற்று வாயிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி, கடல் ஓதம் ஏறும் நேரத்தில் எடுங்கள். இருட்டில் பம்ப் ஓடவிட்டு ஒரு வாரம் வைத்திருந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதித்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவர் உப்புப் பொடி வாங்குவதே நிம்மதி.

3. அளந்து எழுதி வையுங்கள்

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், உணவு போடுவதற்கு முன் அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். பவளம் உள்ள தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், பொதுவாக நல்ல அளவு. ஹன்னா நிறுவனத்தின் சின்ன பாஸ்பரஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அது காட்டும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்பேட்டை மூன்றில் ஒரு பங்காக நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுவீர்கள்.

சரி, சோதனையில் இரண்டுமே 0 காட்டுகிறது, பாறையிலோ பாசி தழைக்கிறது. எப்படி? நீரில் இறங்கும் சத்தைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது. மிச்சத்தை மட்டுமே கிட் அளக்கிறது. ஆகவே எண்ணையும் பாசியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று, பாறை. நம் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். நீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்த நாளெல்லாம் அது பாறையின் மேற்பரப்பில் ஒட்டிச் சேர்ந்திருக்கும். நீரில் குறைந்ததும் பாறை மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். நைட்ரேட் 40 இருந்தால் 25 விழுக்காடு நீர் மாற்றியதும் 30 ஆகும், கணக்கு நேர்மையாக நடந்துகொள்கிறது. பாஸ்பேட் அப்படி இல்லை. இன்று பாதியாகக் குறைத்தால் நாளை மறுநாள் பழைய எண்ணுக்கே ஏறி நிற்கும். "நீர் மாற்றியும் பயனில்லை" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பயன் இருக்கிறது, பாறையின் இருப்புத் தீர வேண்டும், அவ்வளவே. மோசமான தொட்டியில் இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். முடிப்பாசியின் கரும்பச்சை வெளுத்து, இழை தளர்ந்து, இழுத்தால் சுலபமாக வரத் தொடங்கினால் பட்டினி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

4. கையால் எடுத்து வெளியே போடுங்கள்

எல்லாவற்றிலும் வேகமான வழி இதுதான், யாருக்கும் பிடிக்காத வழியும் இதுதான். நீங்கள் பிடுங்கி வெளியே போடும் ஒவ்வொரு பிடிப் பாசியும் தொட்டியை விட்டுப் போகும் பாஸ்பேட், நைட்ரேட். பம்புகளை நிறுத்துங்கள். மெல்லிய குழாயின் முனையில் பழைய பல்துலக்கும் பிரஷைக் கட்டி, தேய்த்துக்கொண்டே உறிஞ்சி எடுங்கள். குழாயின் மறுமுனையை வாளியில் மாட்டிய வடிகட்டிப் பைக்குள் விட்டால் பாசி பையில் நிற்கும், நீர் வாளியில் சேரும். சயனோவையும் இப்படியே போர்வையோடு உறிஞ்சலாம்.

கழற்றக்கூடிய பாறையாக இருந்தால் தனி வாளியில், தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் வைத்துத் தேயுங்கள். குழாய் நீரில் கழுவினால் பாறையில் வாழும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். பிடிவாதமான இடத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாறை வெளியே இருக்கும்போதே தூரிகையால் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, உப்புநீரில் அலசித் திரும்ப வைக்கலாம். பவளத்தின் மேல் படக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசியைக் கொல்லப் பாறையை வேகவைப்பது, கொதிநீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். பாறையில் பாலிதோவா வகைப் பவளங்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு கிளம்பும். அதைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

5. விளக்கும் ஜன்னலும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. குளிர்காலத்தில் வடக்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். தொட்டியை அந்த ஜன்னலுக்கு எதிரில் வைத்திருந்தால் திரை போடுங்கள்.

விளக்கை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். பாசி மிஞ்சியிருக்கும் மாதங்களில் 6 போதும். டைமரைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் சுற்றும் விலைகுறைந்த டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஓடும். லோட்ஷெடிங்கில் தினமும் நான்கு மணி நேரம் போனால் மூன்றே நாளில் பகலும் இரவும் இடம் மாறிவிடும். நீங்கள் தூங்கும்போது தொட்டியில் விளக்கு எரியும், மாலையில் வீட்டுக்கு வந்தும் எரிவதைப் பார்த்து எல்லாம் சரியென்று நினைப்பீர்கள். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

6. உணவு, ஓட்டம், கரண்ட்

உணவு விஷயத்தில் நம் வீடுகளில் கட்டுப்பாடு கஷ்டம். வருகிற பெரியம்மா, சித்தப்பா, குழந்தை எல்லாரும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு பெரிய புட்டியை ஒளித்துவிடுங்கள். மைசிஸ் என்ற உறைந்த சின்ன இறாலை ஆர்.ஓ. நீரில் கரையவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள்.

பஞ்சும் வடிகட்டிப் பையும் மூன்று நான்கு நாளுக்கொரு முறை கழுவப்பட வேண்டும், இல்லாவிட்டால் அதில் தங்கிய அழுக்கு அங்கேயே அழுகிச் சத்தாக மாறும். பாறைக்குப் பின்னால் படியும் தூசியைப் பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நேராக அடித்துக் கிளப்பட்டும். நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் அறையின் காற்றை உறிஞ்சித்தான் நுரை உண்டாக்குகிறது. எண்ணெய்ப் புகை அதன் நுரையை அடக்கிவிடும். வடை பொரிக்கும் அடுப்புக்கும் சாம்பிராணித் தட்டுக்கும் பக்கத்தில் தொட்டி வேண்டாம். கொசு மருந்து தெளிப்பது அந்த அறையில் கூடவே கூடாது.

கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையத் தொடங்கும், கோடைச் சூட்டில் இன்னும் சீக்கிரமாக. இதில் சில உயிர்கள் செத்தால் அடுத்த வாரம் அது பாசியாகத் திரும்ப வரும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம். இன்வர்ட்டர் இருந்தால் முதலில் ஒரு பவர்ஹெட்டை இணையுங்கள், விளக்கும் ஹீட்டரும் காத்திருக்கலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் உணவு போடாதீர்கள்.

7. தின்னும் கூட்டம்

பாசியை முதலில் கையால் கட்டையாக்கிவிட்டுத்தான் நத்தைகளை விட வேண்டும். நீண்ட முடியை அவை தொடாது, குட்டையாக இருந்தால் மேயும். டர்போ, டிரோக்கஸ் நத்தைகள் நல்ல உழைப்பாளிகள். உப்பு அளவு சட்டென மாறினால் தாங்காது, கடைநீரிலிருந்து தொட்டி நீருக்குச் சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள். மணலுக்கு நாசேரியஸ், ஆனால் அது தின்பது மிச்ச உணவு, பாசி இல்லை. டிரிப்நியூஸ்டஸ் கடல்முள்ளெலி பாறையை வழித்துத் துடைத்துவிடும், சின்னத் தொட்டியில் சீக்கிரமே பட்டினி கிடக்கும்.

மீன்களில், 400 லிட்டருக்கு மேல் இடமிருந்தால் செப்ராசோமா வகை டாங் வைக்கலாம். அந்த வகையில் உலகம் முழுக்கப் பெரிய விலை போகும் ஜெம் டாங், கருமேனியில் வெள்ளைப் புள்ளி போட்டது, நம் க்வாசுலு-நட்டால் கடலும் சேர்ந்த இந்தத் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. அதை வாங்கச் சொல்லவில்லை, சும்மா தெரிந்துகொள்ளுங்கள். சின்னத் தொட்டிக்குப் பாறை மேயும் சலாரியஸ் பிளென்னி போதும்.

கரையில் பாறைக் குட்டையில் நத்தை கிடக்கிறதே, பவளம் கிடக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். 1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டம் இதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது. மீனுக்கு நோய் வந்து தாமிர மருந்து போட வேண்டியிருந்தால் தனித் தொட்டியில் போடுங்கள், நத்தைகள் இருக்கும் தொட்டியில் போட்டால் கூட்டமே போய்விடும்.

8. சத்தை உறிஞ்ச வேறு வழிகள்

சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருந்தால் அதில் கீட்டோமார்ஃபா என்ற சுருள் பாசியை வளர்க்கலாம். பெரிய தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் சம்பின் விளக்கு எரியட்டும். வளர வளரப் பாதியை அறுத்து வெளியே எடுங்கள், அறுக்காவிட்டால் பயனில்லை. அறுத்ததை உரக்குழியில் போடுங்கள், சாக்கடையிலோ கடலிலோ வேண்டாம். 1984-இல் மொனாக்கோ கடலோரம் காணப்பட்ட காலர்ப்பா என்ற தொட்டிப் பாசி மத்தியதரைக் கடலின் பல கரைகளில் பரவிப் பெரிய தொல்லையானது.

பாஸ்பேட்டை இழுக்கும் இரும்பு ஆக்சைடு குருணையை லேபிள் சொல்லும் அளவில் பாதியில் தொடங்குங்கள். ஒரே வாரத்தில் 0.3-லிருந்து 0-க்கு இழுத்தால் பவளம் வெளுக்கும், அதைவிட மோசமாக டைனோ வந்து உட்காரும்.

டைனோ வந்தவர்களுக்கு: மேலே சொன்ன பட்டினி வைத்தியத்தை நிறுத்துங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0-வில் கிடக்கும் தொட்டியில்தான் அது பெரும்பாலும் ஆட்சி செய்கிறது. உணவைக் கொஞ்சம் கூட்டி, நீர் மாற்றுவதைத் தள்ளிவைத்து, இரண்டையும் மெல்ல அளவுக்குள் ஏற்றுங்கள். மூன்று நாள் விளக்கை முழுதாக அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடலாம், பம்புகளும் காற்று பம்பும் ஓடட்டும். இரவில் நீரில் மிதந்து எழும் வகையென்றால் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு நன்றாகப் பிடிக்கும். சில வகைகள் நஞ்சுள்ளவை. நத்தைகள் வரிசையாகக் கவிழ்ந்தால் மிச்சத்தை வேறு தொட்டிக்கு மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டியைப் போடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுத்து நோட்டைப் பாருங்கள். விளக்கு, உணவு, குருணை, நத்தை எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எதையாவது நிறுத்தவும் பயமாக இருக்கும்.

பாசி போன பிறகு நத்தைக்கும் டாங்குக்கும் தின்ன ஒன்றும் இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் சூஷிக்கு விற்கும் நோரித் தாளை, எண்ணெயும் மசாலாவும் சேராததாகப் பார்த்து வாங்கி, இரண்டு நாளுக்கொரு முறை கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் வையுங்கள். மாலைக்குள் தின்னாததை எடுத்துவிடுங்கள்.